கரையில் உட்காராதீர்கள்

எந்த வாட்டர் பார்க்குக்குப் போனாலும் குடைகளுக்குக் கீழே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். மடியில் பை, தோளில் ஈரத்துண்டு, கையில் நாலைந்து போன்கள், யாரோ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, காலடியில் ஜோடி ஜோடியாகச் செருப்புகள். பிள்ளைகள் சொட்டச் சொட்ட ஓடிவந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள், இவர்கள் கையசைப்பார்கள். காலையில் பிடித்த நாற்காலியில் சாயங்காலம் வரை அப்படியே. இவர்களுக்கும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே கூட்டி வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மாக்கள், பாட்டிகள், தாத்தாக்கள். கேட்டால், "நமக்கெதுக்கு, பிள்ளைங்க விளையாடட்டும்" என்பார்கள்.

இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போனபோது நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். யாரும் நாள் முழுக்கக் கரையில் உட்காரக் கூடாது. களைத்தால் ஓய்வெடுக்கலாம், நிழலில் சாயலாம், அதெல்லாம் சரி, ஆனால் "நான் பையைப் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்று ஒருத்தர் காவலுக்கு நிற்கிற ஏற்பாடு மட்டும் வேண்டாம் என்றேன். வந்தவர்கள் அம்மா, அப்பா, அக்கா, அக்காவின் இரண்டு பையன்கள், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூன்று வயதுக் குட்டிப் பையன், நான், என் கணவர், எங்கள் ஏழு வயது மகள். மூன்று வயதுக்கும் எழுபதுக்கும் நடுவே இத்தனை பேரையும் தண்ணீரில் இறக்குவது தானாக நடக்கிற காரியம் கிடையாது, கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. அப்படி யோசித்ததில் தெரிந்துகொண்டவற்றையும் அன்றைக்குக் கண்ணால் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட்டர் பார்க் என்ற ஏற்பாட்டின் கதையே இதைத்தான் சொல்கிறது. ஜார்ஜ் மில்லே என்ற அமெரிக்கர், 1964ல் சான் டியாகோவில் சீவேர்ல்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே மக்கள் வரிசையாக உட்கார்ந்து டால்ஃபினும் திமிங்கலமும் செய்கிற வித்தைகளைப் பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், போவார்கள். அதே மனிதர் 1977ல் ஆர்லாண்டோவில் வெட் அண்ட் வைல்ட் என்ற இடத்தைத் திறந்தார். அங்கே வேடிக்கை பார்க்க எந்தப் பிராணியும் கிடையாது. வந்தவர்களே தண்ணீரில் குதிக்க வேண்டும், சறுக்க வேண்டும், அலையில் நிற்க வேண்டும். இன்றைய வாட்டர் பார்க்குகளுக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள், மில்லேயை வாட்டர் பார்க்கின் தந்தை என்றே குறிப்பிடுகிறார்கள். 2016 கடைசியில் அந்த இடத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அந்த யோசனை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பார்வையாளராக இருந்தவரை எழுப்பி உள்ளே இறக்கத்தான் இந்த இடமே உருவானது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வருவது எனக்கு என்றைக்குமே பொறுக்காது.

உட்கார்ந்திருப்பதற்கு மூன்று காரணம் சொல்வார்கள்: பை, துணி, பயம். பை எளிது. லாக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு லாக்கர் எடுத்து எல்லாவற்றையும் அதில் திணித்து, சாவியைக் கையில் கட்டிக்கொண்டால் ஒரு ஆளுக்கு விடுதலை கிடைக்கிறது. போன்களும் உள்ளேதான். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் நுழைந்த உடனே எல்லோரையும் நிற்கவைத்து ஒன்று எடுத்துவிடுங்கள். அது இன்னொரு விதத்திலும் உதவும்: பிள்ளை கூட்டத்தில் தவறிவிட்டால் அன்றைக்கு என்ன நிறத்தில் என்ன உடை போட்டிருந்தது என்று பதற்றத்தில் சொல்ல வராது, படத்தைக் காட்டிவிடலாம். குட்டிகளின் முழங்கைக்குக் கீழே தண்ணீரில் அழியாத பேனாவால் போன் நம்பர் எழுதிவிட்டோம். தொலைந்துபோனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரு இடத்தையும் காட்டி, பெரிய பையன்கள் இருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

துணி கொஞ்சம் பெரிய விஷயம். வீட்டில் உடுத்தும் பருத்தித் துணியோடு தண்ணீரில் விட மாட்டார்கள் என்பதைக் கேட்டதுமே பாதிப் பெண்கள் "அப்ப நான் வரலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த விதியைப் பலர் கெடுபிடி என்று நினைக்கிறார்கள், அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், காலைச் சுற்றும், நீளமான துணி என்றால் சறுக்கில் எதிலாவது சிக்கும். நூலும் பிசிறும் உதிர்ந்து ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் ஃபைபர் கிளாஸ் சறுக்கின் வழவழப்பான மேல்பூச்சைக் கீறிவிடும், அந்தக் கீறல் அடுத்து வருகிறவர் முதுகைப் பதம் பார்க்கும். ஆகவே நைலான் மாதிரி தண்ணீரை உறிஞ்சாத துணி வேண்டும். அதற்காக உடம்பு தெரிகிற உடைதான் போட வேண்டும் என்பதில்லை. முழுக்கை வைத்து, கணுக்கால் வரை வருகிற நீச்சல் உடைகள் எல்லா அளவிலும் கிடைக்கின்றன. அம்மாவுக்கு அக்கா முன்கூட்டியே ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பளீரென்ற ஆரஞ்சு நிறம்.

"இந்த வயசுல இந்தக் கலரா?" என்றாள் அம்மா.

"கூட்டத்துல உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கணும்ல, அதான்" என்றாள் அக்கா.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் பெரிய உண்மை இருக்கிறது. குளத்தின் அடித்தளம் பெரும்பாலும் வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நீல நிறமோ வெள்ளையோ உடுத்திய பிள்ளை தண்ணீருக்கு அடியில் போய்விட்டால், மேலே அலையும் வெயிலும் பளபளக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது. பளிச்சென்ற ஆரஞ்சும் பளிச்சென்ற ரோஸும் தெரியும். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை எடுக்கும்போது அழகான கடல்நீலத்தைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்குமே கண்ணைப் பறிக்கிற நிறங்கள்தான். தூரத்திலிருந்தும் தலையை எண்ணிவிடலாம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குச் சந்தோஷத்துக்கு இணையாக இதுவும் காரணம். கரையில் உட்கார்ந்திருப்பவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்புகிறார். ஆனால் தண்ணீரில் முழுகுகிற பிள்ளை எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. கத்தும், கையை ஆட்டும், தண்ணீரை அடிக்கும் என்று நினைக்கிறோம். நியூயார்க்கில் லைஃப்கார்டாக வேலை பார்த்த ஃபிராங்க் பியா என்பவர், மீட்புக் காட்சிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து இந்த எண்ணத்தை மாற்றினார். முழுகுகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும், குரல் கொடுக்க நேரமில்லை. கை தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கும், ஆட்டிக் காட்ட வராது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. பார்க்கிறவருக்கு அது நின்று விளையாடுவது மாதிரிதான் தெரியும். இப்படி 20 முதல் 60 நொடி வரைதான் தாக்குப்பிடிக்க முடியும் என்கிறார் அவர். வாட்டர் பார்க்கில் எல்லாப் பிள்ளையும் கத்திக்கொண்டுதான் இருக்கும். கத்துகிற பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறது. சத்தம் நின்றுபோன பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"லைஃப்கார்ட் இருக்கிறாரே" என்று சொல்லலாம். இருக்கிறார், அவர் வேலை சாதாரண வேலையும் அல்ல. பல இடங்களில் அவர்களுக்கு 10/20 என்று ஒரு கணக்கைப் பழக்குகிறார்கள்: தன் பகுதியில் யாருக்காவது ஆபத்து என்றால் 10 நொடிக்குள் கண்ணில் பட வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் தலை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் திரும்பிக்கொண்டே இருப்பது அதனால்தான், நடுவில் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஆனால் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்த 30 நொடி இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் நிற்கிற அம்மாவுக்கோ மாமாவுக்கோ அந்த 30 நொடி தேவைப்படாது. குடைக்குக் கீழிருந்து ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிவர ஆகும் நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கூட்டமாகப் போகும்போது எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்புதான் மிகவும் ஆபத்து. அக்கா பார்க்கிறாள் என்று தம்பி நினைப்பான், தம்பி பார்க்கிறான் என்று அக்கா நினைப்பாள். அதனால் குட்டிக்கும் என் மகளுக்கும் ஒவ்வொரு நேரமும் பெயர் சொல்லி ஒரு ஆள். மாற வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "நான் போறேன், இப்ப நீ பார்த்துக்கோ." எதிரில் இருப்பவர் "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் நகரலாம். தலையசைத்தால் போதாது. முதல் அரைமணி நேரம் என் கணவருக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருக்கும், முகத்தில் தெரிந்தது. மதியத்துக்குள் அவரே தம்பியைக் கூப்பிட்டு, "இன்னும் சரின்னு சொல்லலை நீ" என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

கையில் ஊதி மாட்டுகிற காற்றுப் பட்டைகளை நம்பாதீர்கள். நழுவும், காற்று இறங்கும். உயிர்காப்புக் கவசமாக அவை செய்யப்படவில்லை. அளவான லைஃப் ஜாக்கெட் வேறு. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அது பிள்ளையின் மோவாயைத் தாண்டி ஏறினால் பெரிய அளவு என்று அர்த்தம், மாற்றிக் கேளுங்கள். குட்டிக்கு இரண்டாவதாகக் கொடுத்ததுதான் பொருந்தியது. ஜாக்கெட் போட்டிருந்தாலும் கையெட்டும் தூரம் என்பதில் மாற்றமில்லை.

சறுக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. திறந்ததும் நேராகப் பெரிய சறுக்குகளுக்குப் போய்விடுவது நல்லது, அப்போதுதான் வரிசை குட்டையாக இருக்கும். படுத்துக்கொண்டு கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, கணுக்காலை ஒன்றின்மேல் ஒன்று போடச் சொல்வார்கள். அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேகமாக இறங்கும்போது கையோ காலோ விரிந்தால் பக்கச் சுவரில் அடிக்கும், கீழே தண்ணீரில் வந்து மோதும்போது அது உடம்பை வேறுபக்கம் திருப்பும். காற்றடைத்த படகில் நாலு பேராக உட்கார்ந்து இறங்குகிற சறுக்கில் கனமான குழு வேகமாகப் போகும், கனம் கூடுகிற அளவுக்கு உராய்வு கூடுவதில்லை. அப்பாவும் என் கணவரும் பையன்கள் இருவரும் ஒரு படகில், அக்காவும் நானும் தம்பி மனைவியும் இன்னொன்றில். யார் படகு வேகம் என்பதில் பையன்கள் சந்தேகமே வைக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, படியேறுவது கஷ்டம், அதனால் ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டார். ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் என்று ஒவ்வொரு சறுக்கின் அடியிலும் பலகையில் எழுதி வைத்திருப்பதை நின்று படித்துவிட்டு ஏற வேண்டும். செங்குத்தாக விழுகிற சறுக்கு அவருக்கு வேண்டாம் என்று அதைப் படித்துவிட்டு அவரே முடிவு செய்தார்.

மகளுக்கு அழுகை வந்தது உயரக் கம்பத்தடியில். பெரிய சறுக்குகளில் பல இடங்களில் 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர்தான் எல்லைக் கோடு. அவள் நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. அங்கே நின்ற பெண் ஊழியர் மெதுவாகக் குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்னார், மறுபடி பார்த்தார், தலையசைத்து மறுத்துவிட்டார். பின்னால் நின்ற யாரோ "ஒரு விரக்கடைதானே, விடுங்களேன்" என்று சிபாரிசு செய்தார்கள். எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதைதான் வந்தது. சறுக்கின் வளைவும் சரிவும் குறிப்பிட்ட உடலளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, கீழே போய் விழுகிற தண்ணீரின் ஆழமும் அப்படித்தான். சின்ன உடம்பு வளைவில் எங்கே ஏறும், முடிவில் தண்ணீரில் கால் ஊன்றி எழ முடியுமா என்பதெல்லாம் விரக்கடைக்குள்தான் இருக்கிறது. அழுகிற பிள்ளையிடம் "அந்த ஆன்ட்டி விடமாட்டேங்கிறாங்க" என்று பழியை அங்கே தள்ளாமல் காரணத்தைச் சொன்னால் ஏழு வயதுக்கு நன்றாகவே புரிகிறது. கீழே போய் வாளிக்கடியில் நின்றதும் அழுகை மறந்துவிட்டது.

அந்த வாளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உயரத்தில் ஒரு பெரிய தொட்டி, மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். நிரம்ப நிரம்ப அதன் எடை மையம் மேலே ஏறும், தாங்கி நிற்கிற அச்சைத் தாண்டிய நொடியில் தானாகவே கவிழ்ந்துவிடும். மோட்டார் தேவையில்லை. கவிழப் போகிறது என்று மணி அடித்ததும் கூட்டம் ஓடிவந்து கீழே நிற்கும், வயது வித்தியாசமே கிடையாது. தம்பி மனைவி சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசாதவள், அன்றைக்கு அந்த வாளிக்குக் கீழே நின்று அவள் போட்ட கூச்சலை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

இப்போது அலைக்குளம். அம்மா கதைக்கு வருகிறேன். முதல் செயற்கை அலைக்குளங்களில் பெயர் பெற்றது 1969ல் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் திறந்த பிக் சர்ஃப். சுற்றிலும் பாலைவனம், நடுவில் கடலலை. இன்றைக்குப் பல குளங்களில் ஆழமான பக்கச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கின்றன. ராட்சத விசிறிகள் அந்த அறைகளுக்குள் காற்றைத் தள்ளும், காற்று தண்ணீரைக் கீழே அழுத்தும், அழுத்திய தண்ணீர் சுவருக்கு அடிவழியாகக் குளத்துக்குள் எழும்பி வரும், காற்றை விட்டதும் தண்ணீர் மறுபடி ஏறும். இதைத் தாளம் தப்பாமல் செய்தால் அலை. தரை கரையை நோக்கிச் சரிந்து மேடாவதால் ஆழத்தில் வெறும் ஏற்ற இறக்கமாக இருப்பது ஆழம் குறைந்த இடத்தில் நுரைத்து உடைகிறது. முதல் தடவை போகிறவர்கள் பெரிய அலை வேண்டுமென்று சுவர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே கால் எட்டாது, கூட்டமும் நெருக்கும். அலை உடைகிற வேடிக்கை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவேதான். பல இடங்களில் அலை சில நிமிடம் வரும், சில நிமிடம் நிற்கும். வருவதற்கு முன் சங்கு மாதிரி ஒரு சத்தம் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளை அந்தச் சத்தத்துக்கு முன்பே மேட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அம்மா வாழ்நாளில் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. சின்ன வயதில் தண்ணீர் என்றாலே பெண் பிள்ளைகளை அடக்கி வைத்தார்கள், பிறகு எங்களைக் கூட்டிப்போன இடங்களில் எல்லாம் அவள்தான் பை வைத்துக்கொண்டு நின்றவள். அலைக்குளத்தின் ஓரமாக, சுவரோடு கைப்பிடிக் கம்பி போகிற பக்கத்தில், அலை நின்றிருந்த நேரமாகப் பார்த்து இறக்கினோம். இடது கை கம்பியில், வலது கை என் கையில். முதல் நாலு அடி சரிவில் அவள் பெருவிரலால் தரையைத் தடவித் தடவி வைத்ததைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முழங்கால் அளவு வந்ததும் நின்றுவிட்டாள். "போதும்டி, இங்கேயே நிக்கிறேன்." சரி என்று நின்றோம். அலைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றால் ஆளைத் தள்ளிவிடும், பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை முன்னே வைத்து முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் தாங்கலாம். அப்படி நிற்க வைத்தேன். சங்கு ஊதியது. அவள் விரல்கள் என் உள்ளங்கையில் இறுகின, நகம் பதிகிற அளவுக்கு.

முதல் அலை முழங்காலில் தட்டிவிட்டுப் போனது. இரண்டாவது இடுப்புக்கு வந்தது, அவளை ஒரு அடி பின்னால் தள்ளியது, அவள் விழவில்லை. மூன்றாவது வருவதற்குள், "இன்னும் கொஞ்சம் உள்ள போலாமா?" என்றாள். அலை ஓடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பழக்கமுள்ளவள், இந்தச் சிரிப்புக்கு அவளிடம் கை மீதமிருக்கவில்லை, ஒன்று கம்பியில், ஒன்று என்னிடம். அலை நின்றதும் பையன்கள் நீந்திவந்து, "பாட்டி, அடுத்த ரவுண்டு எங்ககூட" என்றார்கள். போனாள். அக்கா ஒருபக்கம், தம்பி ஒருபக்கம். நான் மகளோடு மேட்டில் நின்று பார்த்தேன், ஆரஞ்சு நிறம் எங்கேயிருக்கிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு அவளைக் கரையேற்றுவதுதான் சிரமம்.

மதிய வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் தண்ணீரில் இருப்பதால் வெயில் உறைக்காது, அதுதான் சிக்கல். குளிர்ச்சியாக இருக்கிறது என்று தோல் நம்பிக்கொண்டிருக்கும்போதே கருகிவிடும். சன்ஸ்கிரீனை வெயிலில் இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பே பூசிவிட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், தண்ணீரிலேயே கிடந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீரில் தாங்கும் என்று போட்டிருக்கும் வகைகளிலும் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், அதற்குத்தான் உத்தரவாதம். காது நுனி, பாதத்தின் மேல்பகுதி, கழுத்தின் பின்பக்கம், தாத்தாக்களின் வழுக்கை, இந்த நான்கையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாகமும் தெரியாது, ஆனால் வியர்வை தண்ணீருக்குள்ளும் போய்க்கொண்டுதான் இருக்கும். மணிக்கொரு தரம் எல்லோரையும் கூப்பிட்டுக் குடிக்க வைத்தோம். சிமென்ட் தரை அந்த நேரத்தில் கொதிக்கும், ரப்பர் செருப்பை லாக்கரில் பூட்டிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாகக் குட்டி நடுங்கினான். அத்தனை வெயிலிலும் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும், சின்ன உடம்பில் எடைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். கேட்டால் "குளிரலை" என்றுதான் சொல்லும், விளையாட்டை விட்டு வர மனசு வராது. உதட்டைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தம்பி அவனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான், கொஞ்ச நேரத்தில் சூடேறி மறுபடி இறங்கிவிட்டான்.

மகள் தன் விரல்களைக் காட்டி, "மாமா மாதிரி பெரியவங்களுக்கும் சுருங்குமா?" என்றாள். தண்ணீரை உறிஞ்சி ஊறிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் அது நரம்பு செய்கிற வேலை. விரல்நுனியில் ரத்தக் குழாய்களைச் சுருக்கச் சொல்லி உடம்பு கட்டளையிடுகிறது, உள்ளே பருமன் குறைந்ததும் மேல்தோல் மடிப்பு விழுகிறது. நரம்பு சேதமான விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஈரமான பொருளைப் பிடிக்க அந்தச் சுருக்கம் உதவுகிறது என்று பின்னால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு இதைச் சொன்னதும் எல்லோர் விரலையும் வாங்கிச் சோதித்துவிட்டு வந்தாள். தாத்தாவுக்குத்தான் அதிகம் என்று தீர்ப்பு.

கண் எரிகிறது, குளோரின் நெடி தூக்குகிறது, மருந்தை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அங்கங்கே முணுமுணுப்பு கேட்கும். குளோரின் அளவாக இருக்கிற சுத்தமான குளத்தில் அப்படி நெடி வராது. வியர்வையோடும் அழுக்கோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து குளோரமின் என்ற வேறு பொருளாகிவிடுகிறது, கண்ணை எரிப்பதும் மூக்கில் ஏறுவதும் அதுதான். ஆக அந்த வாடை நம்மிடமிருந்து போனது. இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பில் இருக்கிற பெரும்பாலான அழுக்கு போய்விடும், யாரும் நிற்பதில்லை. பிள்ளைகளை மணிக்கொரு தரம் கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். வயிற்றுப்போக்கு இருக்கிற பிள்ளையைத் தயவுசெய்து கூட்டி வராதீர்கள், டிக்கெட் வீணானாலும் பரவாயில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி, முறையாகக் குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளையிடமிருந்து குளம் முழுக்கப் பரவ அது போதும். குளத்துத் தண்ணீரை விழுங்காதே என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான்.

சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு லேசி ரிவர். இடுப்பளவு ஆழத்தில் வளைந்து வளைந்து ஓடுகிற வாய்க்கால், பம்ப் தள்ளுகிற நீரோட்டம், மேலே டியூபில் சாய்ந்துகொண்டால் போதும், தானாகச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். டியூபில் ஏறத்தான் தெரிய வேண்டும். முன்பக்கமாகத் தாவினால் கவிழும், பின்பக்கம் திரும்பி நாற்காலியில் உட்காருவது மாதிரி ஓட்டையில் உட்கார்ந்துவிட வேண்டும். அம்மாவை ஒரு டியூபிலும் அப்பாவை ஒரு டியூபிலும் உட்கார வைத்து இரண்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி விட்டோம். இருவரும் கையில் எந்தச் சாமானும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் மிதந்து போனார்கள். எங்களைத் தாண்டும்போதெல்லாம் ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அப்பா மட்டும் இறங்கிவிட்டார். அம்மா இறங்கவில்லை.

"முட்டி வலிக்கலையா உனக்கு?" என்று கேட்டார் அப்பா.

"தண்ணியில எங்க வலிக்குது? நீங்க போய் உட்காருங்க, நான் வர்றேன்" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இடுப்புவரை தண்ணீரில் நிற்கும்போது உடல் எடையில் பாதியளவைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, மூட்டுவலிக்காரர்களுக்குத் தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதும் அதனால்தான். கரையில் நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிற வயதானவர்களுக்கு உடம்பளவில் இந்த இடம் நம் எல்லோரையும்விடப் பொருத்தமாக இருக்கக்கூடும். வழுக்கும் ஈரத்தரையில் நடக்கும்போதுதான் பயம், அங்கே ஒருத்தர் கைகொடுத்துக் கூட்டிப்போக வேண்டும், படியில் இறங்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவர்கள் பாடு நம்மைவிடச் சுலபம்.

அடுத்த கோடைக்குள் மகள் 48 அங்குலத்தைத் தாண்டிவிடுவாள், கதவில் கோடு போட்டு அளந்துகொண்டிருக்கிறாள். அவளோடு பெரிய சறுக்கில் முதலில் யார் போவது என்று தம்பிக்கும் என் கணவருக்கும் இப்போதே போட்டி. அம்மா கேட்டிருப்பது ஒன்றுதான்: வார நாளாகப் பார்த்துப் போகலாம், அலைக்குளத்தில் நடுப்பக்கம் நிற்க இடம் கிடைக்கும்.